கூரையில் ஓதம், கார்டில் பாக்கி: எதை முதலில் நிறுத்துவது?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "வீடு கட்டி 15 வருடம் ஆகிறது. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கூடத்தின் கூரையில் குடை விரித்த அளவுக்கு ஓதக் கறை. மூன்று வருடத்தில் இரண்டு முறை சுரண்டி பெயிண்ட் அடித்துவிட்டோம். ஐந்தாறு மாதத்தில் மறுபடியும் உரிந்து கொட்டுகிறது. ஒரு கொத்தனார் குளியலறையை முழுசாக உடைத்து மறுபடி டைல்ஸ் போட வேண்டும் என்கிறார். இன்னொருவர் கீழேயிருந்தே கெமிக்கல் அடித்து 10 வருடம் கேரண்டி தருவதாகச் சொல்கிறார். கணவரோ, பர்சனல் லோன் எடுத்து ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிட்டு, அதோடு சமையலறை அலமாரியையும் மாற்றிவிடலாம் என்கிறார். வங்கியில் நான்கு மாதச் செலவுக்கான சேமிப்பு இருக்கிறது. போன முறை பெயிண்ட் அடித்த செலவு கிரெடிட் கார்டில் இன்னும் நிற்கிறது, ஏறக்குறைய ஒரு மாதச் செலவு அளவுக்கு. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருகிறோம். நிலையான வருமானம் கணவருடையது மட்டும்தான். என் தையல் வருமானம் ஏறும், இறங்கும். மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். மாமியார் கீழ்க் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார். கறைக்கு ஒரு சாண் தள்ளி விளக்குப் பாயிண்ட் இருக்கிறது. என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் அப்புறம் என்று தோன்றிவிட்டது. ஓதத்துக்கு ஒரு சாண் தள்ளி விளக்கு இருக்கிறது என்றால் இன்றே அந்த விளக்கின் இணைப்பைத் துண்டியுங்கள். சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணைத்தால் போதாது. மெயின் போர்டில் அந்த வரிசைக்கான பிரேக்கரைக் கீழே இறக்கிவிட்டு, எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி அந்தப் பாயிண்டைத் தனியாகக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். போர்டில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கிற கருவி, அதாவது ஆர்சிசிபி, இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்யப்போகும் செலவுகளில் அதுதான் முதலாவது. கூடத்தில் சில வாரம் மேசை விளக்கை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம்.

அடுத்து, கறைக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் நேர்க்கோடாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கறை ஓடுகிறதா? கான்கிரீட் பிளந்து கம்பி தெரிகிறதா? துடைப்பக் கட்டையின் அடிப்பக்கத்தால் மெல்லத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல் 'டொக் டொக்' என்று கேட்கிறதா? இரும்பு துருப்பிடிக்கும்போது பல மடங்கு பருத்து, சுற்றியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கம்பியோ, இணைகோடுகளோ தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடும் முன் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும்; அதுவரை அந்த இடத்துக்குக் கீழே யாரும் உட்காரவோ படுக்கவோ கூடாது. பூச்சு மட்டும் பொரிந்து தொங்குகிறது என்றால், அது தானாக விழுந்து யார் தலையையும் பதம் பார்க்கும் முன் ஆள் வைத்துத் தட்டி எடுத்துவிடுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உடைப்பதா, கெமிக்கலா, மறைப்பதா, லோனா என்று நான்கு வழிகளைச் சொல்லி எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கில் எதற்குமே இப்போது பணம் எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் யாரும் உங்களுக்குக் காட்டவில்லை. அது தெரியாமல் செய்த செலவுதான் அந்த இரண்டு பெயிண்டும்.

மாடிக் குளியலறையை இன்றைக்கே பூட்டுங்கள். வீட்டில் இன்னொரு குளியலறை இருப்பது பெரிய வசதி. காலையில் எல்லோரும் ஒன்றைப் பங்குபோடுவது சிரமம்தான், மாமியாருக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டியிருக்கும், தெரியும். ஆனால் தண்ணீர் நின்றுவிட்டால் கூரை மேற்கொண்டு கெடாது. கெடாவிட்டால் அவசரம் இல்லை. அவசரம் இல்லாவிட்டால் கடன் வாங்க வேண்டியதில்லை, மாதா மாதம் சேர்த்துச் செய்துகொள்ளலாம். கதவைப் பூட்ட ஒரு காசு செலவில்லை, உங்களுக்கு இரண்டு மூன்று மாத அவகாசம் கிடைக்கிறது.

பூட்டியதும் ஒரு பென்சிலோடு ஏணியில் ஏறி, கறையின் விளிம்பு நெடுகக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். பூச்சு உரிந்த இடமாக இருந்தாலும் பரவாயில்லை, ஈரம் முடியும் இடம் தெரிந்தால் போதும். பூட்டிய மறுநாளே காய்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். குளியலறைத் தரைக்கும் கான்கிரீட் தளத்துக்கும் இடையில் செங்கல் துண்டும் மணலும் நிரப்பியிருப்பார்கள். அதில் ஊறி நிற்கும் தண்ணீர் வடிய நாளாகும். ஒரு வாரம், பத்து நாள் கொடுங்கள்.

அந்தப் பத்து நாளுக்குள் ஓர் இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டர் இருந்தால் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். மீட்டர் இல்லையென்றால், மேல் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, நீர்மட்டம் நிற்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். எண் நகர்ந்திருந்தாலோ, மட்டம் இறங்கியிருந்தாலோ சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயிலோ, கழிப்பறைத் தொட்டியிலோ கசிவு இருக்கிறது. கழிப்பறைத் தொட்டியைப் பிரித்தறிவது சுலபம்: தொட்டிக்குள் கொஞ்சம் நிறப்பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்திருக்கிறது. அது தண்ணீரைத்தான் வீணாக்கும், கூரையை நனைக்காது. ஆனால் மீட்டர் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால் முதலில் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

மீட்டர் அசையவில்லை, பத்து நாளில் ஈரமும் உள்வாங்கிவிட்டது என்றால் கசிவு புழக்கத்தில்தான் வருகிறது என்று அர்த்தம். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சோதித்தால் எதனால் நனைந்தது என்று தெரியாது. ஒரு சோதனை, பிறகு இரண்டு மூன்று நாள் கூரையைக் கவனிப்பது, பிறகு அடுத்த சோதனை.

முதல் நாள், தரையை நனைக்காமல் நான்கைந்து வாளித் தண்ணீரைக் குழாய் வைத்து நேராகத் தரைத் துளைக்குள்ளேயே விடுங்கள். கூரை நனைந்தால் கழிவுக் குழாயின் இணைப்பில் கோளாறு. அடுத்த முறை, அந்தத் துளையைப் பிளாஸ்டிக் பையில் துணி சுற்றி இறுக்கி அடைத்து, தரையில் இரண்டு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் வையுங்கள். வாசற்படியைத் தாண்டி வழியாத அளவுக்குத்தான். நனைந்தால் டைல்ஸ் இடைவெளியோ, அடியில் இருக்கும் நீர்த்தடுப்பு அடுக்கோ போயிருக்கிறது. பிறகு கழிப்பறையை மட்டும் பத்து முறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். கடைசியாக ஷவரை மட்டும் திறந்துவிடுங்கள். தண்ணீரில் நிறப்பொடி கலக்கலாம், ஆனால் கீழே நிறம் வரவில்லை என்பதை மட்டும் வைத்துக் கசிவு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நடுவில் இருக்கும் மணலும் சிமெண்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். கறை பென்சில் கோட்டைத் தாண்டியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஷவரைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களைப் போலவே கூரையில் கறை. யாரோ சொன்னார்கள் என்று குளியலறைத் தரை முழுவதையும் உடைத்துப் புதிதாகப் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் நன்றாக இருந்து, மறுபடி நனைய ஆரம்பித்தது. அந்த வீட்டு அம்மாவிடம் எந்தெந்த நாளில் நனைகிறது என்று கேட்டேன். நாட்காட்டியைப் பார்த்து யோசித்துவிட்டு, "மகன் விடுதியிலிருந்து வந்து போனால் நனைகிறது" என்றார். மற்றவர்கள் எல்லோரும் வாளியில் பிடித்துக் குளிப்பவர்கள், மகன் ஒருவன்தான் ஷவரில் நிற்பான். ஷவர் குமிழைத் திறந்தால் மட்டுமே அதற்கு மேலே இருக்கும் குழாயில் தண்ணீர் ஏறும். அந்தக் குழாயின் முழங்கை இணைப்பில், சுவருக்கு உள்ளே, மயிரிழை விரிசல். மூடியிருக்கும்போது அங்கே தண்ணீரே இல்லாததால் மீட்டரும் அசையாது, தரையில் தண்ணீர் கட்டினாலும் கீழே இறங்காது. சுவரில் இரண்டே டைல்ஸை எடுத்து இணைப்பை மாற்றினோம், வேலை முடிந்தது. புதுத் தரைக்குக் கொட்டிய பணத்தை நினைத்து அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சில வாரப் பொறுமைக்காக உங்களிடம் இவ்வளவு மன்றாடுவது அதனால்தான்.

இத்தனையிலும் நனையாமல், மழை நாளில் மட்டும் நனைகிறது என்றால், குளியலறையை விட்டுவிட்டு வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் விளிம்பு, மழைநீர்க் குழாய் இவற்றைப் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிந்ததும் செலவின் அளவும் தெரிந்துவிடும். குழாய் இணைப்பு என்றால் ஒரு நாள், இரண்டு நாள் வேலை. டைல்ஸ் இடைவெளி என்றால் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்ஸி க்ரௌட் என்ற, தண்ணீர் புகாத பசையை நிரப்பினால் பெரும்பாலும் அடங்கும். அடியில் இருக்கும் நீர்த்தடுப்பே போய்விட்டது என்றால்தான் முதல் கொத்தனார் சொன்ன முழு வேலை. அதையும் அவர் சோதித்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் மறுபேச்சு பேசமாட்டேன்.

கீழேயிருந்து கெமிக்கல் அடிப்பது எனக்கு உடன்பாடில்லை. மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தாமல் கீழே அடைத்தால், தண்ணீர் தளத்துக்குள்ளேயே நின்று கம்பியைத் தின்னும், அல்லது வேறு பக்கம் வழி தேடும். அந்த 10 வருடக் கேரண்டியை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். கெமிக்கல் டப்பாவுக்கு மட்டுமா, மறுபடி வந்து செய்து தரும் கூலிக்கும் சேர்த்தா, ஓதம் இரண்டடி தள்ளி வந்தால் அதற்கும் உண்டா?

ஃபால்ஸ் சீலிங் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: அவர் ஆசைப்படுவதில் தப்பில்லை, வருகிறவர்கள் கண்ணில் அந்தக் கறைதானே முதலில் படுகிறது. ஆனால் அதற்குப் போடும் ஜிப்சம் பலகை ஈரத்தில் ஊறினால் தொய்ந்து விழும். அதற்கும் மேலாக, கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இப்போது அந்தக் கறைதான் உங்களை எச்சரித்துக்கொண்டிருக்கிறது, அதை மூடாதீர்கள்.

இனி பணம். நான் கட்டட வேலைக்காரன்தான், ஆனாலும் எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்கும் முன் அவர்களோடு உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்ப்பேன். பாதியில் பணம் தீர்ந்து, உடைத்த குளியலறை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணக்கில் எனக்குக் கவலை தருவது கூரையைவிட அந்தக் கார்டு பாக்கி. மாதம் 3 சதவீத வட்டி, குறைந்தபட்சத் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கார்டில் என்ன சதவீதம் என்பதை மாத அறிக்கையின் பின்பக்கத்தில் பாருங்கள். 100 பாக்கியில் தொடங்கி, ஓராண்டு ஒரு தவணைகூடத் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் மொத்தம் 55 கட்டியிருப்பீர்கள். பாக்கி எவ்வளவு இருக்கும் தெரியுமா? 77. கட்டியதில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விட்டது. மாதம் 3 என்பது வட்டிக்கு வட்டி சேர்ந்தால் ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கும் மேல். எந்தச் சேமிப்புக் கணக்கும் அதில் ஒரு சிறு பங்கைக்கூட உங்களுக்குத் தராது.

அதனால் சேமிப்பிலிருந்து ஒரு மாதச் செலவுத் தொகையை எடுத்து, கார்டு பாக்கியை மொத்தமாக அடைத்துவிடுங்கள். மூன்று மாதச் செலவு மிஞ்சும். நிலையான வருமானம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதற்குக் கீழே தொடாதீர்கள், குளியலறைக்காகவும் தொடாதீர்கள். கூரை இரண்டு மாதம் காத்திருக்கும், மருத்துவமனைச் செலவு காத்திருக்காது. கார்டை அடைத்த பிறகு அடுத்த ஆறு மாதமாவது அதில் புதிதாக எதுவும் வாங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சேமிப்பும் குறைந்து, பாக்கியும் பழையபடி நிற்கும். இதை நீங்களும் கணவரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் பிடித்துவைத்தால் நிற்காது.

அடுத்த மாதத்திலிருந்து கார்டுக்குக் கட்டிவந்த தொகையையும், மாதக் கடைசியில் மிஞ்சுவதையும், தையலில் நல்ல மாதம் வந்தால் அதில் ஒரு பங்கையும் சேர்த்து 'வீடு' என்று பெயர் வைத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். மாதக் கடைசி வரை காத்திருந்தால் மிஞ்சாது. வருமானம் வந்த அன்றே ஒதுக்குங்கள். சின்னப் பழுது என்றால் இரண்டு மூன்று மாதத்தில் இந்தப் பணமே போதும்.

முழு வேலைதான் வேண்டும் என்று சோதனையில் தெரிந்து, கடன் இல்லாமல் முடியாது என்றால் வாங்குங்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் குளியலறைக்கு ஆகும் தொகைக்கு மட்டும். அலமாரியை அதோடு சேர்க்க வேண்டாம். அலமாரி பழசாக இருப்பதால் வீடு கெட்டுப்போகாது. கடன் தருபவர் வட்டி சொன்னதும் "இது ஃப்ளாட் வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். 12 சதவீத ஃப்ளாட், மூன்று ஆண்டு என்றால் 100க்கு 36 வட்டி. மாதாமாதம் நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும், முதல் நாள் இருந்த முழு 100க்குமே கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். குறையும் அசல் கணக்கில் அது கிட்டத்தட்ட 21 சதவீதம். செயல்பாட்டுக் கட்டணம், கூடவே சேர்த்துவிடும் காப்பீடு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பது, இவை மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு வேலை என்றால் கொத்தனாரிடம் 'மொத்தமாக இவ்வளவு' என்று பேசாதீர்கள். உடைப்பது, குழாய், நீர்த்தடுப்பு, டைல்ஸ் என்று இனவாரியாக எழுதி வாங்குங்கள். நீர்த்தடுப்புப் பூச்சு தரையோடு நிற்கக்கூடாது, சுவரிலும் ஒரு அடியாவது ஏற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. தரை வாட்டம் மீட்டருக்கு ஒரு செ.மீ.யாவது துளையை நோக்கி இருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்து, கீழே போய்ப் பாருங்கள். ஒட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசிப் பத்துச் சதவீதத்தைக் குளியலறையை இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நேர்மையான கொத்தனார் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வேலை முடிந்த பிறகும் அந்த 'வீடு' கணக்கை மூடாதீர்கள். வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள், 15 வருட வீட்டுக்கு அது அதிகமில்லை. அவ்வளவு முடியாவிட்டால் அதில் பாதியையாவது பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் போடுங்கள். அலமாரி ஆசை அந்தப் பணத்திலிருந்தே நிறைவேறட்டும்.

பெயிண்ட் கடைசியாகத்தான். ஓதம் நின்ற பிறகு பழைய பெயிண்டையும் புட்டியையும் பூச்சு தெரியும் வரை சுரண்டுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பிறகு மின்விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். ஒரு சதுர அடிப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு கூரையில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். கூரையைத் தொட்டிருக்கும் பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை. அதே கூரையில் புதிதாகப் பூச்சு வேலை செய்திருந்தால் நான்கு வாரமாவது விட வேண்டும். பெயிண்டர் "வந்தாச்சு, இன்றைக்கே அடித்துவிடுகிறேன்" என்பார், விடாதீர்கள்.

இன்றைக்கு விளக்கு, குளியலறைப் பூட்டு, பென்சில் கோடு, இவை போதும். சோதனைகள் எல்லாம் முடிந்ததும், எந்தத் தேதியில் என்ன சோதனை செய்தீர்கள், கறை எவ்வளவு நகர்ந்தது என்று எழுதி அனுப்புங்கள். கொத்தனாரைக் கூப்பிட வேண்டுமா, பிளம்பரைக் கூப்பிட வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.